தலைக்கு எத்தனை குடம்?

எங்கள் பக்கத்தின் முதல் குடிவாசி ஒரு கல் கோடரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் அதைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் நடமாடினான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷனான குரோம்பேட்டையில் குடியிருக்கிறவன் என்ற முறையில் அந்த ஆளின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. லாரித் தண்ணீருக்குச் சொல்லி வைக்காமல், வண்டி நிறுத்த இடம் தேடாமல் இந்தப் பக்கத்தில் வாழ்ந்து முடித்த கடைசி மனிதன் அவனாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் அவனும் நிம்மதியாக இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவதாக ஒருவன் இன்னொரு கோடரியோடு வந்து நின்ற அன்றைக்கே பெண்டாட்டியிடம், "முன்ன மாதிரி இல்ல, கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று அலுத்துக்கொண்டிருப்பான். புறநகரில் ஜனத்தொகை எப்போது பெருக ஆரம்பித்தது என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், துல்லியமாகத் தேதி சொல்வார்கள். அவர்கள் பால் காய்ச்சிய மறுநாள்.

அப்பா இங்கே ஒரு கிரவுண்டு மனை வாங்கியது எழுபதுகளின் கடைசியில். திருவல்லிக்கேணியிலிருந்து உறவினர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து போனார்கள். "பல்லாவரம் தாண்டியா?" என்று கேட்ட பெரியப்பா, கிரகப்பிரவேசத்துக்கு டார்ச் லைட்டோடு வந்தார். அத்தை புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். வழியில் எதுவும் கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். மழைக்காலத்தில் தவளைக் கூச்சலில் ரேடியோவில் மாநிலச் செய்தி கேட்காது. புயல் எச்சரிக்கையையே தவளைகள் ஓய்ந்தபிறகு பக்கத்து வீட்டில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்வோம். பக்கத்து வீடு என்றால் நாலு காலி மனை தள்ளி.

அப்போதே இங்கே பழைய ஆட்கள் இருந்தார்கள். குரோம் லெதர் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள். ஊருக்குப் பெயரே அந்தக் கம்பெனி கொடுத்ததுதான். அவர்களில் ஒரு பெரியவர் அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்: "நீங்கள்லாம் வர ஆரம்பிச்சப்புறம்தான் சார் கெணத்துல தண்ணி கீழ போச்சு." அப்பாவுக்கு அது பல வருஷம் மனத்தாங்கல். தொண்ணூறுகளில் பின்னால் புது வீடு கட்டியவரிடம் அதே வாக்கியத்தை, அதே 'சார்' உட்பட, அப்பா சொன்னதை நான் காதால் கேட்டேன். அந்தப் பின்வீட்டுக்காரர் இப்போது அதை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

நியாயமாகப் பார்த்தால் குற்றவாளி ரயில். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் விட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் கைக்கு அடங்குமா? ஸ்டேஷன் இருக்கிற இடமெல்லாம் ஒரு நகர், நகருக்குப் பின்னால் ஒரு காலனி, காலனிக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் என்று போய், கடைசியில் ஒரு ஏரி வந்து மறித்தால்தான் நின்றார்கள். சில இடங்களில் ஏரி மறித்தும் நிற்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போய் ஏரி எங்கே என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். தியாகராய நகரே ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பியதுதான். ஏரிக்கரையில் வீடு கிடைக்காதவர்கள் ஏரிக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள்.

வீட்டை ஒரு அங்குலம்கூட நகர்த்தாமல் நாங்கள் ஊர் சுற்றியிருக்கிறோம். அப்பா மனை வாங்கியபோது செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டமானோம். 2019-ல் மறுபடியும் செங்கல்பட்டு. நடுவில் பல்லாவரம் நகராட்சியாக இருந்தவர்களை 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்த்தார்கள். தபாலுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே மெட்ராஸ்-44. ஊர்க்காரன் என்று ஒப்புக்கொள்ளாமலே கடிதம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிற உறவு அது.

இனிக் கணக்கு. 2001-க்கும் 2011-க்கும் நடுவில் பழைய சென்னை மாநகரத்தின் ஜனத்தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சம் ஆனது. நூற்றுக்கு ஏழு. அதே பத்து வருஷத்தில் எங்கள் பல்லாவரம் நகராட்சி சுமார் 1.44 லட்சத்திலிருந்து 2.15 லட்சத்துக்குப் போனது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நகரத்தில் இடம் இல்லை என்றதும் எல்லோரும் வாலைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் எங்களை யாரும் எண்ணவில்லை. 2021-ல் எண்ணியிருக்க வேண்டும். கொரோனாவில் தள்ளிப்போய் 2027-ல் வந்து நிற்கிறது.

2011-ல் சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை இல்லாமல் இதை வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 405 சதுர அடி வருகிறது. கூவம், மெரினா, கிண்டி மான்களின் பங்கு எல்லாம் இதற்குள் அடக்கம். ஒரு கிரவுண்டுக்கு ஆறு பேர். ஆனால் தமிழ்நாடு முழுவதற்கும் சராசரி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர்தான். அதையும் வகுத்தேன். தலைக்கு எட்டு கிரவுண்டு! மூன்று பேர் இருக்கும் எங்கள் குடும்பத்துக்கு நியாயப்படி 24 கிரவுண்டு சேரவேண்டும் என்று சமையலறைக்குப் போய் அறிவித்தேன்.

"அது சத்தியமங்கலம் காட்டுல இருக்கும். போய் புலிகிட்ட கேட்டு வாங்கிக்குங்க" என்றாள் மனைவி.

புலி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கூட்டம் தாங்காமல் புறநகருக்குக் குடிபெயர்ந்தவர்களில் என் அனுதாபம் முழுக்க உயிர் காலேஜ்காரர்களுக்குத்தான். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலைக்கு இடம் போதவில்லை என்று வண்டலூரில் காட்டைப் பார்த்து ஒதுக்கி, 1985-ல் திறந்தார்கள். சிங்கமும் புலியும் அப்பாடா என்று காலை நீட்டின. பின்னாலேயே நாம் போனோம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று மனை போட்டோம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையத்தையும் திறந்தாயிற்று. இன்றைக்கு அந்தப் பக்கத்தில் அடுக்குமாடி கட்டாமல் சொந்த இடத்தில் குடியிருப்பது அநேகமாகப் புலி ஒன்றுதான். பில்டர்கள் உள்ளே போய்ப் பேசிப் பார்க்காததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் அப்படி யாரும் உறுமவில்லை. அப்பா காலமான பிறகு ஒரு பில்டர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், தென்னை மரங்களைப் பார்த்தார், அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "இவ்வளவு ஆகாசத்தை வேஸ்ட் பண்ணி வெச்சிருக்கீங்களே சார்" என்றார். அப்பா ஆகாயத்தை வீணடித்த விஷயம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் மனையின் பரப்பைப் போல ஒன்றரை மடங்குதான் கட்டலாம். 2019-ல் வந்த விதிகளில் அது இரண்டு மடங்கானது. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் எங்கள் பகுதியில் நினைத்த உயரத்துக்கு எழுப்ப முடியாது, இல்லாவிட்டால் பில்டர் மேகத்திலும் இரண்டு படுக்கையறை போட்டிருப்பார். கடைசியில் ஜாயின்ட் வென்ச்சர் என்று முடிவாகி, கீழே ஸ்டில்ட், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டாக ஆறு வீடு. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு. எங்களுக்கு எஸ்-1.

பத்திரத்தில் யூ.டி.எஸ். என்று 400 சதுர அடி போட்டிருந்தது. நிலத்தில் பிரிக்கப்படாத என் பங்கு. "என் 400 அடி எது?" என்று கேட்டேன். "எதுன்னு காட்ட முடியாது சார். அது எல்லா எடத்துலயும் இருக்கு" என்றார் பில்டர். கடவுளைப் பற்றி அப்பா இதையேதான் சொல்வார். அவர் அதற்கு ரிஜிஸ்டிரேஷன் செலவு கேட்டதில்லை. மாநகரத்தில் தலைக்கே 405 அடி வந்தது, எனக்குக் குடும்பத்துக்கு மொத்தமாக 400. மிச்சம் ஐந்து அடி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அநேகமாக லிஃப்ட்.

இதற்கு நடுவில் ஜனத்தொகை குறைகிறது என்று ஒரு கவலை நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருமுனைச் சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று எழுதியிருந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தமிழ்நாடு சொன்னபடி கேட்டது, சொன்னதற்கு மேலும் கேட்டது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு 1.4 குழந்தைதான். எம்.பி. தொகுதிகள் குறைந்துவிடும் என்ற பயத்தில் 2025-ல் முதலமைச்சரே கல்யாண மேடையில் மணமக்களிடம் சீக்கிரம் பெற்றுக்கொள்ளச் சொன்னார். நான் தெருவைப் பார்த்துக் குழம்பிப்போனேன். பிறகுதான் புரிந்தது, இங்கே யாரும் பிறப்பதில்லை, வருகிறார்கள். குழந்தை என்றால் பத்து மாதம் முன்னறிவிப்பு உண்டு, தொட்டிலுக்கு இடம் பார்த்து வைக்கலாம். பேக்கர்ஸ் லாரி அப்படி எதுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ராத்திரி பத்தரைக்கு ஒரு வாஷிங் மெஷின், மூன்று பைக், ஒரு லாப்ரடாரோடு ஜனத்தொகை வந்து இறங்குகிறது. முக்கோணம் போட்டிருந்த சுவரையும் இடித்தாயிற்று. அந்த இடத்திலும் ஆறு வீடு.

எங்கள் கட்டடத்தின் உண்மையான ஜனத்தொகை எவ்வளவு என்ற கேள்வி போன கோடையில் எழுந்தது. போர் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கினோம். செலவை ஆறு வீட்டுக்கும் சமமாகப் பிரித்தார் செக்ரட்டரி. அவர் எஃப்-2, ஓய்வு பெற்ற பேங்க் ஆபீசர். தனியாக இருக்கிற எஃப்-1 மாமி கொதித்துவிட்டார். "நான் ஒருத்தி குளிக்கறதுக்கும் டி-2-ல ஊரே குளிக்கறதுக்கும் ஒரே காசா? என்ன நியாயம் இது?"

டி-2-வில் பேச்சிலர்கள். நியாயமான கேள்விதான். இனிமேல் தலைக்கு இவ்வளவு என்று தீர்மானம் போட்டு, செக்ரட்டரி ஒரு நீள நோட்டோடு மாடி ஏறினார். இணைச் செயலாளர் என்பதால் நானும் கூடப் போனேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

எஸ்-2-வில் மூன்று பேர் என்றார்கள்.

"உங்க அம்மா?"

"அம்மா அண்ணன் வீட்டுக்கும் இங்கயும் மாறி மாறி இருப்பாங்க சார்."

"இப்ப உள்ள இருமறது யாரு?"

"வந்திருக்காங்க. விருந்தாளி."

டி-1-இல் கணவர் மாதத்தில் பாதி நாள் டூர், ஆகவே அரை ஆள். "பாப்பாவுக்கு டயபர் சார், தண்ணியே தேவைப்படறதில்ல" என்றார் அந்தப் பெண். குழந்தை கணக்கில் வரவில்லை. டி-2-வில் ஒரு பையன் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, "ரெண்டு பேர்தான் அங்கிள்" என்றான். வாசலில் பதினோரு ஜோடி செருப்பு கிடந்தது. "அது கலெக்‌ஷன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். எங்கள் வீட்டைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "பையன் ஹாஸ்டல்ல இருக்கான். சனி, ஞாயிறு அவன் துணிதான் வரும்." கூடவே அவனும் வருவான் என்ற தகவல் கேட்கப்படவில்லை, ஆகவே சொல்லப்படவில்லை.

கடைசியாக எஃப்-1. செக்ரட்டரி 'ஒன்று' என்று எழுதுவதை மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "உம்ம வீட்ல எத்தனை போட்டிருக்கேள்?" என்றார்.

"ரெண்டு மாமி. நானும் அவளும்."

"கார்?"

செக்ரட்டரி தினமும் காலையில் ஹோஸ் பைப் பிடித்து அரைமணி நேரம் காரைக் கழுவுவார். தெருவுக்கே தெரியும். மாமி நகரவில்லை. கடைசியில் நோட்டில் எஃப்-2-வுக்கு நேரே 'மூன்று' என்று விழுந்தது. இப்படியாக எங்கள் கட்டடத்தின் ஜனத்தொகை பன்னிரண்டரை என்று முடிவாயிற்று. எஸ்-2 அம்மாவுக்கு இடமில்லை, காருக்கு உண்டு.

பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி மூன்று நாளில் காலியானது. தலைக்கு ஒரு நாளைக்கு 320 லிட்டர் வந்தது. நகரவாசி ஒருவருக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கம் வைத்திருக்கிற அளவு. "அவ்வளவும் சுத்தமான ஜனங்க" என்று செக்ரட்டரி முணுமுணுத்துக்கொண்டே அடுத்த லாரிக்குப் போன் போட்டார்.

பொங்கலுக்கு அசோசியேஷன் செலவில் சாப்பாடு என்று அறிவித்தோம். கேட்டரிங்காரருக்கு இலைக் கணக்கு சொல்லவேண்டும். அதே நோட்டு, அதே செக்ரட்டரி, அதே ஆறு கதவு. இருபத்தொன்பது. எஸ்-2 அம்மாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. டூர் கணவர் முழு ஆளானார். டயபர் குழந்தைக்குத் தனி இலை. டி-2 கதவு இந்தத் தடவை அகலமாகத் திறந்தது. கார் மட்டும் சாப்பிட வரவில்லை.

2027 கணக்கெடுப்பு முழுக்க டிஜிட்டலாம், நம் வீட்டு விவரத்தை நாமே பதிவு செய்துகொள்ளலாமாம். செய்தித்தாளில் இதைப் படித்துக் காட்டினேன். செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எண்ணட்டும், எண்ணட்டும். தண்ணிக்கா சாப்பாட்டுக்கான்னு மட்டும் முன்னாடியே சொல்லிடக் கூடாது" என்றார்.

எனக்குத் தெரிந்து தெருவில் சரியான கணக்கு வைத்திருப்பவர் இஸ்திரி வண்டிக்காரர்தான். அவரிடம் கேட்டேன். "டி-2-ல ஏழு பேரு சார். நாலு பேரு பகல் டூட்டி, மூணு பேரு நைட்டு. இவங்க எந்திரிச்சா அவங்க படுப்பாங்க. கட்டில் நாலுதான்." சட்டைக் காலரை வைத்தே ஆளைப் பிரித்துச் சொல்கிறார். இவரை மக்கள்தொகை ஆணையராகப் போட்டால் டேப்லெட், செயலி என்று எந்தச் செலவும் இல்லை, கொஞ்சம் கரி மட்டும் போதும்.

இப்போது எதிர் வீட்டையும் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து அசோசியேஷன் அவசரமாகக் கூடியது. தெரு தாங்காது, சாக்கடை தாங்காது, டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது என்று மனு எழுதினோம். 'இத்தெருவில் பல்லாண்டுகளாக அமைதியாக வாழ்ந்து வரும் நாங்கள்' என்று செக்ரட்டரி ஆரம்பித்தார்.

"பில்டிங் வந்தே மூணு வருஷம்தானே சார் ஆச்சு?" என்றேன்.

"மூணும் பன்மைதான் சார்" என்று மேலே எழுதினார்.

முதல் கையெழுத்து டி-1 கணவருடையது. அவர்கள் குடிவந்தது போன வருஷம் தையில். வீட்டுக்குள் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் நாலைந்து இருக்கின்றன. "இப்படியே வந்துட்டே இருந்தா நம்மள மாதிரி இங்கயே இருக்கறவங்க எங்க சார் போறது?" என்று என்னிடம் கேட்டார். குரோம் லெதர் பெரியவர் எங்கிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று கேட்காதீர்கள். எதிர் வீட்டை இடித்துவிட்டார்கள். ஆனால் வாஸ்து நாள் பார்ப்பதில் ஏதோ இழுபறி, வேலை தொடங்கவில்லை. அந்த ஒரு கிரவுண்டு இப்போது வெட்டவெளியாகக் கிடக்கிறது. பொடிப்பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். டி-1 அட்டைப்பெட்டியை அங்கே வைத்துத்தான் பிரிக்கிறார். எஃப்-1 மாமி வடாம் காயப்போட்டிருக்கிறார், காக்காய்க்குக் காவல் செக்ரட்டரி. எங்கள் தெருவில் சும்மா கொஞ்சம் இடம் கிடைக்கவேண்டுமென்றால் ஒரு வீட்டை இடித்ததற்கும் அடுத்ததைக் கட்டுவதற்கும் நடுவில்தான் கிடைக்கும்.

எல்லோரையும்விட அதிக சந்தோஷம் தண்ணீர் லாரி டிரைவருக்கு. இத்தனை நாள் மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போய்க்கொண்டிருந்தவர், இப்போது காலி மனைக்குள் மூக்கை விட்டு ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுகிறார். நேற்று சம்ப்பில் குழாயைச் செருகிவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டே தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார்.

"இங்கயும் கட்டிட்டாங்கன்னா வண்டி திருப்ப முடியாது சார். அடுத்தாப்ல எந்த வூடு இடிக்கறாங்க?"